மெய்ப்புப் பார்ப்பவருக்கு எந்த மானிட்டர்?

வாசகர் கேள்வி:

"கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே இரண்டு பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். பேஜ்மேக்கர், இன்டிசைன் இரண்டிலும் வேலை இருக்கும். வயது 47, புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறேன். 2014இல் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கிய 18.5 இன்ச் மானிட்டர்தான் இன்று வரைக்கும். சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. போன மாதம் அச்சுக்குப் போன ஒரு புத்தகத்தில் 'மெல்ல' என்பது 'மேல்ல' என்று நான்கு இடங்களில் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஒரு கடையில் 27 இன்ச் ஃபுல் எச்டி 'எல்இடி' வாங்குங்கள், கான்ட்ராஸ்ட் ஒரு கோடிக்கு ஒன்று, 1 மில்லிசெகண்ட் என்கிறார்கள். இன்னொரு கடையில் 24 இன்ச் ஐபிஎஸ் என்கிறார்கள். கணவர் வீட்டில் சும்மா இருக்கும் 32 இன்ச் டிவியை மாட்டிக்கொள்ளலாம் என்கிறார். மகன் 4கே என்கிறான். எல்இடி கண்ணுக்கு நல்லதா, கெடுதலா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கவேண்டுமா? என்னால் 15,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். கம்ப்யூட்டருக்குப் பின்னால் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டு இணைப்பும் இருக்கின்றன."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரை வாங்கவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்டால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். உங்கள் பழைய 18.5 இன்ச் மானிட்டரில் ஒரு பிக்சல், அதாவது திரையில் ஒளிரும் மிகச் சிறிய கட்டம், சுமார் 0.30 மில்லிமீட்டர் அகலம். 27 இன்ச் ஃபுல் எச்டியில், அதாவது குறுக்கே 1920 பிக்சல் இருக்கும் வகையில், அது 0.31 மில்லிமீட்டர். பன்னிரண்டு வருடம் கழித்துப் பணம் போட்டு வாங்கும் திரையில், எழுத்து இப்போது தெரிவதைவிட ஒரு துளி கரடுமுரடாகத்தான் தெரியும். இடம் கூடுதலாகக் கிடைக்கும், அது உண்மை. ஆனால் உங்களுக்குத் தேவை எழுத்தின் கூர்மை.

இதை ஏன் யாரும் கடையில் சொல்வதில்லை என்றால், பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருப்பது இன்ச்சும் 'எல்இடி' என்ற சொல்லும்தான். இருபது வருடத்துக்கு மேலாக மானிட்டர் பழுது பார்க்கிறவன் என்பதால் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நீங்கள் கடையில் பார்க்கும் எல்இடி மானிட்டர்கள் அநேகமாக எல்லாமே எல்சிடி மானிட்டர்கள்தான். படத்தைக் காட்டுவது திரவப் படிக அடுக்கு. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலிலும் கூட்டிக் குறைத்து விடுவது மட்டுமே அதன் வேலை. முன்பெல்லாம் அந்த வெளிச்சத்துக்கு உள்ளே பென்சிலைவிட மெல்லிய டியூப்லைட்டுகள் இருந்தன. அவற்றில் பாதரசம் இருக்கும். வயதானால் காலையில் மானிட்டரைப் போட்டதும் கொஞ்ச நேரம் திரை செம்மஞ்சளாகத் தெரியும். அந்த டியூப்லைட்டுக்குப் பதிலாக எல்இடி பட்டையை வைத்ததும் பெயர் 'எல்இடி மானிட்டர்' ஆகிவிட்டது. பெரும்பாலான மானிட்டர்களைத் திறந்தால் அந்தப் பட்டை அடிவிளிம்பில் ஒரு ஸ்கேல் மாதிரி ஒட்டியிருக்கும். அதன் வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்புவது ஒரு பிளாஸ்டிக் தகடு.

வெள்ளை எல்இடி வருவதற்கு நீல எல்இடி தேவைப்பட்டது. நீல விளக்கின் மேல் பாஸ்பர் என்ற, மஞ்சள் ஒளி தரும் பொருளைப் பூசினால் வெள்ளை கிடைக்கும். அந்த நீலத்தைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீங்கள் மானிட்டர் வாங்கிய அதே வருடம். அப்போது கடையில் விற்றதும் பெரும்பாலும் எல்இடிதான். உங்கள் பழைய மானிட்டரைத் திருப்பி ஸ்டிக்கரைப் பாருங்கள், அதுவும் அநேகமாக எல்இடியாகத்தான் இருக்கும். ஆகவே 'எல்இடி' என்ற சொல் விளக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எழுத்து எப்படித் தெரியும் என்பதைப் பற்றி அதில் ஒரு செய்தியும் இல்லை.

இனி எழுத்துக்கு வருவோம். உங்கள் வேலைக்கு இதுதான் உயிர்.

புத்தகத்தின் உள்பக்கத்தில் 11 பாயின்ட் எழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். பக்கத்தை அசல் அளவிலேயே திரையில் பார்த்தால், அந்த எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 27 இன்ச் ஃபுல் எச்டியில் பன்னிரண்டரை பிக்சல். உங்கள் பழையதில் ஏறக்குறைய பதின்மூன்று. 24 இன்ச் என்று விற்கும் 23.8 இன்ச் ஃபுல் எச்டியில் பதினான்கு. 21.5 இன்ச் ஃபுல் எச்டியில் பதினைந்தரைக்கு மேல். 27 இன்ச் கியூஎச்டியில், அதாவது குறுக்கே 2560 பிக்சல் இருக்கும் வகையில், பதினாறரை. குறுக்கே 3840 பிக்சல் இருக்கும் 27 இன்ச் 4கேயில் இருபத்தைந்து. அடிக்குறிப்புக்கு 8 பாயின்ட் போட்டால் 27 இன்ச் ஃபுல் எச்டியில் ஒன்பது பிக்சல்தான் மிஞ்சும்.

ஆங்கில எழுத்துக்கு ஒன்பது பிக்சல் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். தமிழுக்கு அப்படி முடியாது. அந்த ஒன்பதுக்குள்தான் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி நிற்கவேண்டும், கீழே 'மூ'வின் வளைவு இறங்கவேண்டும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம் மேலே ஒரு குட்டிச் சுழி. 'கிரி'யையும் 'கீரி'யையும் பிரிப்பதும் ஒரு குட்டிச் சுழிதான். அந்தச் சுழிக்குள் வெள்ளை தெரிவதற்கு ஒரு பிக்சலாவது காலியாக இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் சுழி அடைபட்டு ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். அப்போது கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, மனம் ஊகித்துப் படித்துவிடுகிறது. 'மேல்ல' உங்கள் கண்ணுக்குத் தப்பியதில் உங்கள் கவனக்குறைவு எவ்வளவு, திரையின் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்க இப்படிப்பட்ட திரையில் மெய்ப்புப் பார்த்துவிட்டு நான்கு இடம்தான் தப்பியது என்றால், உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. உங்களை நீங்கள் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

பெரிதாக்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் 150 சதவீதத்துக்குப் போனால் பக்கத்தின் பாதிதான் திரையில் நிற்கும். வரி முடிவு, பத்தி இடைவெளி, பக்க எண் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்காது. இரண்டு வேலையும் செய்கிற உங்களுக்கு அசல் அளவிலேயே எழுத்து தெளிவாகத் தெரியும் திரை கிடைத்தால் நாளுக்கு எத்தனையோ முறை உருட்டுவது மிச்சம்.

இடையில் ஒன்று. எந்த மானிட்டர் வாங்கினாலும் தீராத ஒரு பிழை இருக்கிறது. 'அவர்' என்று அடிக்கவேண்டிய இடத்தில், 'ர்' எழுத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்து 'அவா்' என்று சிலர் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், 4கேயில் பார்த்தாலும் தெரியாது. கோப்பு யூனிகோடில் இருந்தால், வந்தவுடனே துணைக்கால்-புள்ளி சேர்க்கையைத் தேடி, 'ர்' என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள். அப்புறம் படிக்க உட்காருங்கள்.

சரி, உங்கள் முன் இருக்கும் தேர்வுகளுக்கு வருகிறேன்.

டிவி வேண்டாம். 32 இன்ச் 'எச்டி ரெடி' டிவி என்றால் அதில் குறுக்கே 1366 பிக்சல்தான், உங்கள் 18.5 இன்ச்சில் இருக்கும் அதே எண்ணிக்கை. அதே பிக்சல்களைப் பெரிய பரப்பில் இழுத்துவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கு மேல். ஃபுல் எச்டி டிவியாக இருந்தாலும், பல டிவிகள் உள்ளே வரும் படத்தின் நிறத் தகவலைக் குறைத்துவிடும், விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்கும். கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் தெரியும். பத்தடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்ப்பதற்கு அது சரி. இரண்டடியில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க ஆகாது.

உங்கள் மகன் சொல்லும் 4கே எழுத்துக்கு மிகச் சிறந்தது. அவர் சொல்வதில் தவறே இல்லை. ஆனால் உங்களுக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. முதலாவது விலை, உங்கள் 15,000க்குள் நல்ல 4கே கிடைப்பது கடினம். இரண்டாவது கம்ப்யூட்டர். 2014 காலத்து எச்டிஎம்ஐயில் 4கே வந்தாலும் நொடிக்கு 30 முறைக்குள்தான் வரும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். மூன்றாவதுதான் முக்கியம், பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. 4கே திரையில் எல்லாம் பொடியாகத் தெரியும் என்பதால் விண்டோஸில் 150 சதவீதம் என்று பெரிதாக்கி வைப்போம். புதிய மென்பொருள்கள் அதைப் புரிந்துகொண்டு எழுத்தைக் கூர்மையாகவே வரையும். பேஜ்மேக்கர் மாதிரிப் பழைய மென்பொருளுக்கு அந்த விவரம் தெரியாது. விண்டோஸ் அதன் ஜன்னலை ஒரு படமாக எடுத்து இழுத்துக் காட்டும், எழுத்து புகை படிந்த மாதிரி இருக்கும். வேண்டாம் என்று நிறுத்தினால் மெனுவெல்லாம் எறும்பு அளவு ஆகிவிடும். பதிப்பகம் பேஜ்மேக்கர் கோப்பு அனுப்புகிற வரையில், விண்டோஸை 100 சதவீதத்தில் வைத்து வேலை செய்யக்கூடிய திரைதான் உங்களுக்கு நிம்மதி.

அப்படிப் பார்த்தால் இரண்டு மிஞ்சுகின்றன. 27 இன்ச் கியூஎச்டி ஒன்று, 23.8 இன்ச் ஃபுல் எச்டி ஒன்று.

கியூஎச்டியின் உயரம் 33.6 சென்டிமீட்டர். ஏ4 பக்கம் 29.7. பக்கம் முழுதாக, அசல் அளவில், மேலே கருவிப்பட்டைக்கும் இடம் விட்டு நிற்கும். எழுத்தும் நன்றாகத் தெரியும். கையில் இன்னும் சில ஆயிரம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வாங்கும் முன் ஒன்றைச் சரிபார்க்கவேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டுகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ வழியாக 1920க்கு 1200 வரைதான் வெளியே வரும். மதர்போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, அதன் கையேட்டில் எச்டிஎம்ஐக்கு அதிகபட்சம் என்ன என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். 2560 என்ற எண் அங்கே இல்லாவிட்டால் கியூஎச்டியை மறந்துவிடுங்கள். கியூஎச்டி திரையில் ஃபுல் எச்டி படத்தைக் காட்டினால், பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தாமல் எழுத்து கலங்கிவிடும். இருக்கிறதிலேயே மோசமான நிலை அது.

உங்கள் பணத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் யோசிக்காமல் பொருந்துவது 23.8 இன்ச் ஃபுல் எச்டி ஐபிஎஸ். டெமி அளவுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் அருகருகே அசல் அளவில் வைத்துப் பார்க்க இதன் 52 சென்டிமீட்டர் அகலம் தாராளம். இரண்டாவது கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஐபிஎஸ் என்பது பேனலின், அதாவது படத்தைக் காட்டும் அந்தத் திரவப் படிகத் தகட்டின், வகை. மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. டிஎன் என்பது பழையது, மலிவானது. நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் கீழிருந்தோ மேலிருந்தோ பார்த்தால் நிறம் மாறிவிடும். உங்கள் 18.5 இன்ச் அநேகமாக அந்த வகைதான். திரையின் மேல் பாகம் கருமையாகவும் கீழ்ப் பாகம் வெளிறியும் தெரிகிறதா? தலையை உயர்த்தித் தாழ்த்தினால் அது நகர்கிறதா? அப்படியானால் டிஎன்தான். புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் தலையை மேலும் கீழும் ஆட்டித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது என்பதால் டிஎன் உங்களுக்கு இரட்டைத் தொல்லை. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 3000க்கு 1. படம் பார்ப்பவர்களுக்கு நல்லது. ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கொஞ்சம் வெளிறும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் 1000க்கு 1 தான், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து படிப்பவருக்கு அதுதான் வேண்டும்.

அந்த 'ஒரு கோடிக்கு ஒன்று' கான்ட்ராஸ்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், திரை முழுக்கக் கறுப்பாகும்போது விளக்கையே அணைத்துவிட்டு, அந்த இருட்டையும் முழு வெளிச்சத்தையும் ஒப்பிட்டு எடுத்த கணக்கு. ஒரே பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து இருக்கும்போது அந்த எண்ணுக்கு வேலையில்லை. 1 மில்லிசெகண்ட் என்பது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், அது விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். 75, 100 ஹெர்ட்ஸ் இருந்தால் உருட்டும்போது கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வளைந்த திரையும் வேண்டாம். பக்கத்தின் ஓரக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாக இருப்பவருக்குத் திரை வளைந்திருக்கக் கூடாது.

அங்கே மிச்சமாகும் பணத்தை ஸ்டாண்டில் போடுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். உங்கள் கழுத்துவலிக்குக் காரணம் எனக்கு ஓரளவு புரிகிறது. புரோகிரசிவ் கண்ணாடியில் கிட்டப் பார்வை கீழ்ப் பாகத்தில் இருக்கும். திரை கண்ணுக்கு நேராக இருந்தால், கீழ்ப் பாகத்தின் வழியாகப் பார்ப்பதற்காக முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள். எட்டு மணி நேரம் அப்படி இருந்தால் கழுத்து என்ன ஆகும்? திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு நேராக இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள், உங்களுக்கு அதையும்விடத் தாழ்வாக இருக்கவேண்டும், சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்தும் இருக்கவேண்டும். உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டில் இது நடக்காது. கண் மருத்துவரிடம் போகும்போது, திரை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்துகொண்டு போய்ச் சொல்லி, அந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி எழுதித்தரமுடியுமா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் வேலைக்காக அப்படிக் கொடுப்பது உண்டு.

உயரம் மாற்றும் ஸ்டாண்டுகள் பலவற்றில் திரையை நட்டுக்குத்தாகவும் திருப்பலாம். 23.8 இன்ச்சை நிமிர்த்தி வைத்தால் அகலம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர், உயரம் 52. ஒரு ஏ4 பக்கம் அசல் அளவில் உட்கார்ந்து, அதற்குக் கீழேயும் இடம் இருக்கும். மெய்ப்புக்கு இப்படி, வடிவமைப்புக்குப் படுக்கையாக. நிமிர்த்தும்போது எழுத்தின் ஓரத்தில் லேசாக நிறம் கசிந்த மாதிரி தெரிந்தால், எழுத்தின் ஓரத்தை வழவழப்பாகக் காட்டும் விண்டோஸின் கிளியர்டைப் அமைப்பை ஒருமுறை ஓட்டிச் சரிசெய்யுங்கள். இந்த வகை ஸ்டாண்டு உள்ள மாடல் பட்ஜெட்டைத் தாண்டினால், பின்புறம் நான்கு திருகு ஓட்டைகள் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் மாடலாக வாங்குங்கள். அதற்கு வெசா என்று பெயர். பின்னால் மானிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) ஒன்றைத் தனியாக வாங்கி மேசையில் மாட்டிக்கொள்ளலாம்.

இனி கண் எரிச்சல்.

எல்இடி நல்லதா கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். விளக்கால் நேரடியாகத் தொல்லை வரக்கூடிய ஒரு இடம் உண்டு. சில மானிட்டர்களில், குறிப்பாகப் பழையவற்றில், பிரைட்னஸைக் குறைத்தால் எல்இடிக்குப் போகும் மின்சாரம் குறைவதில்லை. அதற்குப் பதிலாக விளக்கை நொடிக்கு இருநூறு முறை என்ற அளவில் அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியும் கண் அயர்ச்சியும் வரும். வீட்டிலேயே சோதிக்கலாம். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பிரைட்னஸை நன்றாகக் குறைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக இடம் வலமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக எண்ணக்கூடிய மாதிரி தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. புதியதில் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போட்டிருந்தாலும் பென்சிலை ஆட்டிப் பாருங்கள்.

நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் வேலைக்கென்று அப்படி ஒரு கண்ணாடியை அமெரிக்க கண் மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்றே முடிவுக்கு வந்தது. எரிச்சலுக்குப் பெரிய காரணம், திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, கண் காய்ந்துபோகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருப்பதை இருபது நொடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தால் போதும். மேலே ஓடும் ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்காமல் நாற்காலியை நகர்த்துங்கள், கண் காய்வதற்கு அதுவும் காரணம். எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், மானிட்டர் மாற்றிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் பிரைட்னஸ். புது மானிட்டர்களைக் கடை வெளிச்சத்தில் பளபளக்கவேண்டும் என்பதற்காக அதிக வெளிச்சத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். வீட்டு டியூப்லைட் வெளிச்சத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே மாதிரி ஆகும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். அச்சுத்தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிற உங்களுக்கு இந்த ஒரு காரியமே பெரிய மாற்றம் தரும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தப் பக்கம் ஒன்றைப் பென்டிரைவில் பிடிஎஃப்பாக எடுத்துப் போங்கள். அடிக்குறிப்பு உள்ள பக்கமாக இருக்கட்டும். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் மீன்தொட்டி வீடியோவில் எல்லா மானிட்டரும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் பக்கத்தை அசல் அளவில் திறந்து, வழக்கமாக உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து, அடிக்குறிப்பில் இரட்டைக் கொம்பின் மேல்சுழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் ஒவ்வொன்று. வெள்ளையில் கறுப்பாகச் செத்த பிக்சல் தெரியும், கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிவது தெரியும். ஐபிஎஸ்ஸில் மூலையில் லேசான பளபளப்பு இயல்புதான். எத்தனை பிக்சல் செத்திருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்றிரண்டுக்கு மாற்றித்தராத கம்பெனிகள் உண்டு. அதனால் பெட்டியைக் கடையிலேயே பிரித்து ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். வாரன்டி மூன்று வருடமா, சர்வீஸ் சென்டர் கும்பகோணத்திலா, திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்று கேளுங்கள். பின்புற ஸ்டிக்கரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். சொந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். முன்பு ஒரு கடையில் நம்பி வாங்கிய மானிட்டர் எட்டே மாதத்தில் இருண்டுவிட்டது. திறந்து பார்த்தால் பழைய பேனலைப் புது உறையில் போட்டிருந்தார்கள். ஸ்டிக்கரில் எந்த எண்ணும் இல்லை, பில்லும் வெறும் துண்டுச்சீட்டு. வாடிக்கையாளருக்காக வாங்கியது என்பதால் பணத்தை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து ஸ்டிக்கரைப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எச்டிஎம்ஐயில் இணையுங்கள். விஜிஏ 1987இல் வந்த அனலாக் இணைப்பு, அதில் எழுத்தின் ஓரம் கலங்கத்தான் செய்யும். உங்கள் பழைய மானிட்டரை அதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். விண்டோஸில் தெளிவுத்திறன் 1920க்கு 1080 என்று இருக்கிறதா பாருங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கிராஃபிக்ஸ் அமைப்பில் நிற வீச்சு 'லிமிடெட்' என்று இருக்கும், 'ஃபுல்' ஆக்குங்கள். மானிட்டர் மெனுவில் ஷார்ப்னஸைக் கூட்டாதீர்கள், கம்பெனி வைத்த நடு அளவிலேயே விடுங்கள். துடைக்க மென்மையான மைக்ரோஃபைபர் துணியும் அதில் சில துளி தண்ணீரும் போதும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவம் திரையின் மேல்பூச்சைக் கெடுத்துவிடும்.

பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். விஜிஏ இணைப்பு காலியாகிவிட்டது அல்லவா, அதில் பழைய 18.5 இன்ச்சை மாட்டி இடது பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி ஸ்கேனோ மின்னஞ்சலோ அதில் திறந்திருக்கட்டும், மெய்ப்பு புதியதில் இருக்கட்டும். மூலத்தையும் மெய்ப்பையும் மாறி மாறி ஜன்னல் மாற்றிப் பார்க்கும் வேலை அன்றிலிருந்து உங்களுக்கு இருக்காது.